கரியும் கைகொடுக்கும்

வைரம் என்றால் விழி விரிய நோக்குகிறோம். கரி என்றால் கை அழுக்காகும் என்று விலகுகிறோம். இரண்டும் கார்பன் என்னும் ஒரே தனிமம் என்று படித்தும் நம் எண்ணம் மாறுவதில்லை. ஆனால் அந்தக் கரி, ஒரு பணியில் பிளாட்டினத்தையே பின்தள்ளுகிறது என்றால் வியப்பன்றோ! அதுவே ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆக்கும் பணி.

1818-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் தெனார் கண்டறிந்த பொருள் இது. காயத்தில் பட்டால் நுரைத்துப் பொங்கும் நீர்மமாக இதை நாம் அறிவோம். காகிதக் கூழையும் துணியையும் வெளுக்கவும், கழிவுநீரைச் சுத்தம் செய்யவும் இது உதவுகிறது. வேலை முடிந்ததும் நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துவிடுவதால் நஞ்சு மிஞ்சுவதில்லை.

ஆனால் இதை ஆக்கும் வழி எளிதன்று. உலகத் தேவையின் பெரும்பகுதி ஆந்த்ராகுயினோன் முறையில் பெரிய ஆலைகளில் தயாராகிறது. அதற்கு ஹைட்ரஜன் வாயுவும், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகமும் வேண்டும். பிறகு செறிவாக்கி நெடுந்தூரம் கொண்டு செல்ல வேண்டும். செறிவு மிகுந்தால் ஆபத்தும் மிகும். 2000-ஆம் ஆண்டு ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பலில் 118 பேர் மாண்டனர். டார்பிடோவில் இருந்த செறிந்த பெராக்ஸைடு கசிந்ததே அதற்குக் காரணம் என்று அந்நாட்டு விசாரணை கூறியது.

தேவையான இடத்திலேயே, தேவையான அளவு ஆக்கிக்கொண்டால் என்ன? காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் நீரும் மின்சாரமும் இருந்தால் இது இயலும். ஆக்ஸிஜன் மூலக்கூறு ஒன்று 4 எலக்ட்ரான்களைப் பெற்றால் வெறும் நீராகிவிடும். 2 மட்டும் பெற்றால் பெராக்ஸைடு ஆகும். பிளாட்டினம் பெரும்பாலும் நான்கையும் அள்ளிக் கொடுத்துவிடுகிறது. தக்கபடி பதப்படுத்திய கரியோ இரண்டுடன் நிறுத்திக்கொள்கிறது! 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்பன் நுண்குழாய்களை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தினர். அப்போது வினையில் சுமார் 90 விழுக்காடு பெராக்ஸைடு ஆகும் வழியிலேயே சென்றது.

ஆலையில் மலிவாகக் கிடைக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இம்முறையில் கிடைப்பது நீர்த்த கரைசல்தான். மின்வாய் நெடுநாள் உழைக்கவும் வேண்டும். நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரத்தால் செய்தால் பயனும் குறையும். ஆயினும் தண்ணீரைச் சுத்தம் செய்ய நீர்த்த கரைசலே போதுமே! காகித ஆலைகளுக்கென வகுக்கப்பட்ட ஹூரான்-டவ் முறை, கரி மின்வாயைக் கொண்டதுதான். ஆகவே இது வெறும் கனவன்று.

பெரிய ஆலைகள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. லாரி எளிதில் செல்ல முடியாத மலையூர் மருத்துவமனைக்குச் சூரிய மின்பலகையும் கரி மின்வாயும் போய்ச் சேர வேண்டும். அரசும் பல்கலைக்கழகங்களும் இவ்வாய்வுக்குத் தாராளமாகப் பொருள் ஒதுக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. தோழியரே, அடுத்த ஆண்டு நம்மில் பலர் இரசாயனப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். மதிப்பெண்ணுக்காக மட்டும் அதைப் படியாமல், இத்தகைய பணிக்காகவும் படிப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி