வணிகருக்கு ஓய்வு வயது எது?

அரசு ஊழியர் எந்த வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பதற்கு அரசாணை இருக்கிறது. தமிழ்நாட்டில் 58 ஆக இருந்த அந்த வயது, 2020-ல் 59 ஆகவும் 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. வங்கி எழுத்தருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் கூட ஒரு தேதி உண்டு. அன்று மாலை போட்டு, நாலு பேர் பேசி, வீடு வரை கொண்டுபோய் விடுகிறார்கள். பலசரக்குக் கடைக்காரருக்கும் கமிஷன் மண்டிக்காரருக்கும் அப்படி ஒரு தேதி கிடையாது. நம்மைப் போகச் சொல்ல யாரும் இல்லை என்பதை நாமும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம். 'உயிர் இருக்கும் வரை கல்லாவில்தான்' என்று சொல்லாத பெரியவர் நம் தொழிலில் குறைவு.

ஆனால் நமக்கும் ஓய்வு கொடுக்க ஒருவர் இருக்கிறார். நம் உடம்புதான் அது. அரசாங்கம் போல முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்கும் பழக்கம் அதற்கு இல்லை. ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கப் போன கை தூக்க வராது. தராசு முள் இரண்டாகத் தெரியும். அன்று கடையில் என்ன நடக்கிறது? எந்த ஊர்க்காரர் எவ்வளவு பாக்கி, எந்த மில்லுக்கு எவ்வளவு தர வேண்டும், பண்டிகைச் சரக்குக்கு யாரிடம் முன்பணம் கொடுத்திருக்கிறது, எல்லாமே பெரியவர் ஒருவர் தலையில் மட்டும் இருக்கும். மகனுக்குப் பாதி தெரியும். மனைவிக்கு எதுவும் தெரியாது. நாற்பது வருடம் நடந்த கடை நாலு மாதத்தில் தடுமாறுவதை நம் வீதிகளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே வயதான காலத்தில் உடம்பைப் பேணுவது சொந்த விஷயம், வியாபாரத்தோடு சம்பந்தம் இல்லாதது என்று ஒதுக்கிவிட முடியாது. யாரும் ஓய்வு தராத தொழிலில் இருப்பவர், தனக்குத்தானே கொஞ்சம் கொஞ்சமாக ஓய்வு கொடுத்துக்கொள்ளப் பழக வேண்டும். அப்படி மிச்சமாகும் நேரத்தை உடம்புக்கும், கை மனசுக்கு வேண்டிய வேறொரு வேலைக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

ஓய்வுக்குப் பின் தொடங்கிய ஒருவர்

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களை நம்மில் பலர் நேரிலேயே பார்த்திருப்போம். 1918-ல் எட்டயபுரம் வட்டாரத்துக் கரிசல் கிராமமான அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்துவிட்டுத் திரும்பிய காலத்தில், முப்பது வயதை ஒட்டி, கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணிவிட்டன. பிரசவ மருத்துவம் படிக்க நினைத்தவர், அது முடியாதென்று தெரிந்து கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்தக் கோணல் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளைச் செய்துகொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்.

1976-ல், 58-வது வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மற்றவர்கள் சாய்வு நாற்காலி வாங்கும் வயது. அவர் 11 படுக்கைகளோடு ஒரு வீட்டில் மருத்துவமனை தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்து, உடன்பிறந்தவர்களின் நகைகளையும் ஈடு வைத்துத் திரட்டிய முதல். அதுவே பின்னர் உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, அதை இங்கேயே செய்வதற்கு 1992-ல் ஆரோலேப் தொடங்கப்பட்டது. அப்போது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். 2006-ல் காலமானார்.

இதைப் படித்துவிட்டு, 'அவர் மகான், நமக்கு ஆகுமா?' என்று புரட்டிப் போய்விடக் கூடாது. வியாபாரி கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. எல்லா வேலையையும் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளியைத் தயார் செய்வது முதல் கட்டுப் போட்ட பின் கவனிப்பது வரை அவர்களிடம் ஒப்படைத்தார். டாக்டர் மட்டுமே செய்ய முடிந்த வேலையை மட்டும் டாக்டர் செய்தார். ஒரு மேசையில் அறுவை முடிவதற்குள் பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். நோயுற்ற விரல்களோடு ஒருவர் அவ்வளவு வேலை செய்ய முடிந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

நம் கடையில் என்ன நிலைமை? கடுகு பொட்டலம் மடிப்பதும் முதலாளி, ஐம்பது கிலோ மூட்டைக்குத் தோள் கொடுப்பதும் முதலாளி, பாக்கி எழுதுவதும் முதலாளி, ஜி.எஸ்.டி. கணக்கரிடம் ஓடுவதும் முதலாளி. பிறகு நேரமில்லை என்கிறோம். நேரம் இல்லாமல் போகவில்லை. பிரித்துக் கொடுக்க மனம் வரவில்லை.

உடம்பும் இருப்புச் சரக்குதான்

சரக்கு அறையில் எலி புகுந்தால் அன்றைக்கே பார்க்கிறோம். பருப்பில் வண்டு விழுந்தால் மறுநாளே வெயிலில் போடுகிறோம். உடம்பில் வண்டு விழுவது வெளியே தெரியாததால் விட்டுவிடுகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். நம் தொழிலுக்கும் அந்த நோய்க்கும் நல்ல பொருத்தம். காலை முதல் இரவு வரை ஒரே இடத்தில் உட்கார்வது, வருகிறவருக்கெல்லாம் துணையாக ஒரு டீ, மூன்று மணிக்குச் சோறு, கடை அடைத்துவிட்டு இரவு பதினோரு மணிக்குப் பரோட்டா. கம்பு, கேழ்வரகு, குதிரைவாலி எல்லாம் நம் கடையில்தான் இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது அவற்றை முன்வரிசையில் எடுத்து வைத்து விற்றோம். நம் வீட்டு உலைக்கு எத்தனை நாள் போயிற்று என்று அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரை உள்ளவர் இரண்டு உறுப்புகளைக் குறிப்பாகக் காக்க வேண்டும். ஒன்று கண். விழித்திரை பாதிக்கப்படும்போது தொடக்கத்தில் வலியும் இருக்காது, மங்கலும் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்டிவிட வேண்டும். மற்றொன்று கால். கடை லட்சுமி இருக்கும் இடம் என்று செருப்பை வாசலில் விடுகிறோம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் சாக்கு ஊசியோ ஆணியோ குத்தினாலும் தெரியாது. கடைக்குள் மட்டும் போட ஒரு மிருதுவான செருப்பு வைத்துக்கொண்டு, சாமி படத்துக்கு முன் கழற்றினால் லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். இரவில் படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட நடையையோ அதற்கு ஈடான உழைப்பையோ சொல்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும் என்கிறது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இந்தக் கணக்கில் சேரும். நடப்பதற்கு மதுரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆடி வீதிகளைச் சுற்றலாம், மாசி வீதிகளில் வண்டி நெரிசல் தொடங்கும் முன் ஒரு சுற்று வரலாம். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து அன்பர்களுக்குக் கண்மாய்க் கரை இருக்கிறது.

ஊழியர்களையும் மறக்கக் கூடாது. முதலாளி நாளெல்லாம் உட்கார்ந்தே கெடுகிறார். கடைப் பையன் நாளெல்லாம் நின்றே கெடுகிறான். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியிருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து ஒரு முக்காலி வாங்கிப் போட்டவர்கள், அதில் அவனை உட்காரவும் விட வேண்டும். முதலாளி எழுந்து நடக்கும் அரை மணியில் அவன் உட்காரட்டும். இருவருக்கும் நல்லது.

கைக்கு வேறொரு வேலை

உடம்பு மட்டும் நன்றாக இருந்தால் போதாது. கடையை விட்டு வந்த பெரியவர்கள் ஆறு மாதத்தில் தளர்ந்து போவதற்கு நோய் மட்டும் காரணமில்லை. அதுவரை ஒரு நாளைக்கு இருநூறு பேருடன் பேசியவர், விலை சொன்னவர், ஒரு பிடி துவரம் பருப்பை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே ரகம் சொன்னவர், திடீரென்று தொலைக்காட்சிக்கு முன் உட்காரவைக்கப்படுகிறார். அந்தக் கைக்கும் மூளைக்கும் தீனி இல்லை.

மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்று ஒரு மூதாட்டி இருந்தார். நம் இனம்தான்; பாட்டியிடமிருந்து வந்த மளிகைக் கடையை நடத்தியவர். கடை வருமானத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து நிலம் வாங்கினார். நூறு வயதைக் கடந்த பிறகும் இயற்கை உரம் போட்டு, வயலில் இறங்கி வேலை பார்த்தார். 105 வயதில், 2021-ல், பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2024-ல் காலமானார். கல்லாவில் உட்கார்ந்த கைக்கு மண்வெட்டியும் பொருந்தும் என்பதற்கு அவர் சாட்சி.

எல்லோருக்கும் நிலம் இருக்காது. ஆனால் எல்லா வணிகரிடமும் சேமித்து வைத்த சொற்கள் இருக்கின்றன. பள்ளிப் படிப்பை முடிக்காத கரிசல் விவசாயி கி. ராஜநாராயணன், ஊர் மக்கள் வாயிலிருந்த சொற்களைத் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை 1982-ல் கொண்டுவந்தார். அறுபதை ஒட்டிய வயது அவருக்கு. சில ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 98-வது வயதில், 2021-ல் மறையும் காலம் வரை எழுத்து அவரை விடவில்லை.

நம் தொழிலுக்கு அப்படி ஓர் அகராதி எழுத யார் இருக்கிறார்கள்? வீசை, பலம், சேர், படி, உழக்கு என்று அளந்த காலம் போய், 1956-ல் சட்டம் வந்து, அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் வந்தன. பழைய அளவுகளைத் தன் கையால் பிடித்தவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ தாண்டியோ இருக்கிறார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசியது, எதிரே நிற்பவருக்குப் புரியாமல் விலையைச் சொல்ல வைத்திருந்த குழூஉக்குறி, வத்தலை உடைத்து மோந்து ஊர் சொன்னது, கீழமாசி வீதிக்கு மாட்டு வண்டியில் சரக்கு வந்தது, வராக் கடனை எழுதிய விதம், இவையெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன? பெரியவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நாளைக்கு அரைப் பக்கம் எழுதினால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். எழுத வராதவர் சொல்லட்டும். பேரப்பிள்ளை கைபேசியில் பதிவு செய்து கொடுக்கும். அந்தச் சாக்கில் பேரனும் தாத்தாவும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்வார்கள்.

எழுத்தில் விருப்பமில்லாதவருக்கு மொட்டை மாடித் தோட்டம், பஜனை, தச்சு வேலை என்று எத்தனையோ உண்டு. 2023 ஜூலையில் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறையாவது போய் உட்காரலாம். நம் வீட்டுப் பெண்களுக்கும் இது பொருந்தும். பின்கட்டில் புளிக்குக் கொட்டை எடுத்து, வத்தலுக்குக் காம்பு கிள்ளி, கடையைத் தாங்கியவர்களுக்கு ஓய்வு வயதைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை. அவர்களுடைய சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று முதலில் கேளுங்கள்.

போட்டிக் காலத்தில் முடியுமா?

'பத்து நிமிடத்தில் வீட்டுக்குச் சரக்கு வருகிற காலம். நான் ஒரு மணி நேரம் எழுந்து போனால் வாடிக்கை போய்விடும்' என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் போட்டியில் நமக்கு இருக்கும் பலம், முகம் பார்த்துப் பேசும் உறவுதான். சோர்ந்து எரிந்து விழும் முகத்தை வாடிக்கையாளர் தேடி வரமாட்டார். மதுரை வெயிலில் பிற்பகல் இரண்டு முதல் நாலு வரை சில்லறைக் கடையில் எத்தனை பேர் வருகிறார்கள்? அந்த நேரத்தை முதலில் மகனிடமோ மருமகளிடமோ ஒப்படைத்துப் பழகலாம். பிறகு கொள்முதலில் ஒரு பகுதி, பிறகு பாக்கி நோட்டு. ஒரே நாளில் சாவியைக் கொடுப்பதும் தவறு, கடைசி நாள் வரை கொடுக்காமல் இருப்பதும் தவறு. கொடுத்த பிறகு பின்னால் நின்று தினமும் குறை சொல்வது இரண்டையும் விடத் தவறு. பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகும் அப்பாவிடம் விலை நிலவரம் கேளுங்கள். அவருக்கு அது மருந்து. உங்களுக்கு அது முதல்.

சங்கங்கள் செய்யக் கூடியவையும் உண்டு. மே 5 வணிகர் தினத்தில் பந்தலும் மாலையும் இருக்கட்டும். பக்கத்தில் கண், சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு ஒரு மேசையும் இருக்கட்டும். சிறு வணிகர்களுக்காக மத்திய அரசு 2019 செப்டம்பரில் கொண்டுவந்த ஓய்வூதியத் திட்டம் 18 முதல் 40 வயதுக்குள் சேர்பவர்களுக்கு. 60-க்குப் பின் மாதம் 3,000 ரூபாய். தொகை சிறிதுதான் என்றாலும் இளைய உறுப்பினர்களுக்கு விவரம் சொல்ல வேண்டியது நம் கடமை. மாதம் ஒரு மாலை மூத்த உறுப்பினர்களைக் கூட்டி, அவர்கள் சொல்வதை எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் மதுரை வணிகத்தின் சொல்லும் வழக்கமும் ஒரு புத்தகமாகிவிடும்.

ஆண்டு முடிவில் கடையின் இருப்பெடுக்கத் தவறாத நாம், இந்த ஆண்டு நம் இருப்பையும் எடுத்துப் பார்ப்போம். அரை மணி நடை, ஆண்டுக்கொரு கண் பரிசோதனை, ஒரு நாற்பது பக்க நோட்டு. மூன்றும் சேர்ந்து ஒரு மூட்டை சர்க்கரை விலைக்கு மேல் ஆகாது.