முப்பதைத் தாண்டியவருக்கு யார் வழிகாட்டுவது?

ஆந்திரத்தின் நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவர் முப்பத்தைந்து வயதில் வேறு தொழிலுக்கு மாற நினைத்தால் யாரிடம் கேட்பார்? மச்சானிடம் கேட்பார். மிஞ்சினால், ஆலைக்கு ஆள் பிடிக்கும் கான்ட்ராக்டரிடம் கேட்பார். அவர்களுக்குத் தெரிந்த வேலைதான் இவருக்கும் தெரியும்.

வேலைக்குப் பஞ்சமான வட்டாரம் அல்ல இது. 2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில்நகரில் இசுசு, டைகின், மாண்டலீஸ் என்று வரிசையாக ஆலைகள் நிற்கின்றன. ரேணிகுண்டா விமான நிலையத்தை ஒட்டி எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள், கரகம்பாடியில் 1985 முதல் அமர ராஜா. ஆனால் 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது இவையெல்லாம் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன. நகரி சித்தூரிலேயே நின்றது. சித்தூர் நகரைச் சுற்றி நிறைய ஆட்களை இழுப்பது மாங்கூழ் ஆலைகள்தான்; அதுவும் தோத்தாபுரி சீசன் முடியும்வரை.

ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் 2015-ல் செல்போன் தயாரிப்பைத் தொடங்கியது. 2018 வாக்கில் அங்கே சுமார் 15,000 பேர்; பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அசெம்பிளி லைனுக்கு ஆலைகள் விரும்பி எடுப்பது இருபது வயதுக்காரர்களை. கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்ட பெண்ணுக்குச் சாலிடரிங் தெரியும், தரச் சோதனை தெரியும், லைனில் பத்துப் பேரை மேய்க்கவும் தெரியும். மருத்துவக் கருவி தயாரிப்பிலோ சர்வீஸ் சென்டரிலோ அந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு என்று அவரிடம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

படித்தவர்கள் நிலை வேறு. ஆந்திர அரசின் 2025 மெகா டிஎஸ்சி தேர்வில் 16,347 ஆசிரியர் இடங்களுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். வயது வரம்பு பொதுப்பிரிவுக்கே 44. பி.எட் முடித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்காகத் திருப்பதியில் அறை எடுத்துப் படிப்பதில் தவறில்லை. எத்தனை முறை எழுதலாம், எப்போது இன்னொரு வழியையும் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். கட்டணம் வாங்கும் கோச்சிங் சென்டர் அதைச் சொல்லாது. இந்தத் தவிப்பில்தான், திருப்பதி தேவஸ்தானத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் பறிப்பவர்கள் புகுந்துவிடுகிறார்கள். தேவஸ்தானமும் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறது.

வழிகாட்ட அரசு அமைப்பு இல்லாமல் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1956 நவம்பரில் மாநிலங்களின் நிர்வாகத்துக்கு வந்தன. தொழில் வழிகாட்டலும் ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே அவற்றின் பணியாகச் சேர்ந்தது. ஆனால் மக்கள் மனத்தில் அது பதிவு அட்டை புதுப்பிக்கும் இடமாகவே நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையிலேயே 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்று இருக்கிறது. 2022-ல் வந்த 'நான் முதல்வன்' நல்ல திட்டம். ஆனால் அதன் கண் மாணவர்கள் மீதுதான். ஆந்திரத்தின் ஜாப் மேளாக்களும் புதிதாகப் படித்து வந்தவர்களையே நாடுகின்றன. எத்தனை பேருக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்தோம் என்பதே அங்கு கணக்கு. மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் நிலைத்தார்கள் என்பதுதான் உண்மையான கணக்கு.

மேளாவில் கையெழுத்துப் போடுபவருக்குச் சொல்ல வேண்டியவை சின்ன விஷயங்கள். சம்பளம் 15,000 என்றால், முழுத்தொகையும் பிஎஃப் கணக்கில் வரும்போது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். ஈஎஸ்ஐக்கு முக்கால் சதவீதம், சுமார் 113 ரூபாய். கைக்கு வருவது 13,100-ஐத் தொடாது. கேன்டீனுக்கும் விடுதிக்கும் தனியாகப் பிடிப்பார்களா? நியமன உத்தரவில் இருப்பது கம்பெனி பெயரா, கான்ட்ராக்டர் பெயரா? நைட் ஷிஃப்ட் முடிந்து நகரிக்கு பஸ் உண்டா? இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லிக்கொடுப்பதுதான் வழிகாட்டல். ஆளுமைத் தேர்வும் ஊக்க உரையும் பிறகு வரட்டும்.

சிங்கப்பூர் 2024 மே மாதம், 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு மறுபயிற்சிக்காக ஆளுக்கு 4,000 வெள்ளி ஒதுக்கியது. அந்த அளவு பணம் இங்கே இல்லாமல் இருக்கலாம். ஆனால் சித்தூர், திருப்பதி ஆகிய இரண்டு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களும் ஒரே காலியிடப் பட்டியலை வைத்துக்கொள்ளப் பெரிய பணம் தேவையில்லை. 2024 ஜூனில் ஆந்திர முதல்வராகப் பதவியேற்றதும் சந்திரபாபு நாயுடு கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் திறன் கணக்கெடுப்பும் ஒன்று. அதில் தறி ஓட்டுபவரின் வயதும் அனுபவமும் பதிவாக வேண்டும். அந்தத் தகவல் வழிகாட்டியின் கைக்கும் வர வேண்டும். நகரியிலும், ஸ்ரீசிட்டிப் பக்கத்துச் சத்தியவேட்டிலும் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் ஏராளம். அங்கே நியமிக்கப்படும் வழிகாட்டிக்குத் தெலுங்கோடு தமிழும் தெரிந்திருக்க வேண்டும்.