துணி என்பது வெட்டப்படுவது



சென்ற பள்ளி விடுமுறையில் தைப்பிங்கில் ஒரு வீட்டின் பின்னறையில் மூன்று நாள் துணி மடித்தேன். அவ்வீடு பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியை ஒருவருடையது. பள்ளியில் நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்றே அழைப்போம். எனக்கு ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தாம். அவர் மறைந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய மகள் அலமாரிகளைத் திறந்து காட்டி, "டீச்சர், இவ்வளவையும் நான் என்ன செய்யறது? தூக்கிப் போடவும் மனசு வரல," என்றார். மொத்தம் இருபத்திரண்டு பெட்டிகள். அளந்து எழுதியபோது ஏறக்குறைய 300 கெஜம் வந்தது.

ஆங்கிலத்தில் கில்ட் எனப்படும் ஒட்டுப்போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த முகத்துணி, நடுவே பஞ்சுப் படலம், கீழே அடித்துணி. அமெரிக்காவில் இப்போர்வை தைப்போர், தாம் சேர்த்து வைத்திருக்கும் துணிக்குவியலை 'ஸ்டேஷ்' என்பர். மறைத்து வைத்த பொருள் என்பது அச்சொல்லின் பொருள். அவர்களிடையே 'சேபிள்' என்றொரு வேடிக்கைச் சொல்லும் உண்டு. ஆயுளுக்கு மிஞ்சிய சேமிப்பு என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்தது அது. முன்பு கேட்டபோது சிரித்திருக்கிறேன். தைப்பிங் அறையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய கட்டிலுக்குரிய ஒரு போர்வைக்கு முகத்துணியும் அடித்துணியுமாகப் பதினாறு கெஜம் போனாலும், அந்த 300 கெஜத்தில் பதினெட்டுப் போர்வைகள் தைக்கலாம். அக்கா ஆண்டுக்கு ஒன்று தைத்தார். மறைந்தபோது அவருக்கு அகவை எழுபத்தொன்று.

துணி சேர்ப்பதைப் பேராசை என்று பழிப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. அச்சுத்துணி ஆலைகள் ஒரு வடிவத்தைச் சில காலமே அச்சிடும். பிறகு அது கிடைக்காது. ஓவியர் தம்மிடம் பல வண்ணங்களை வைத்திருப்பதைப் போலத்தான் இதுவும். கடைகளும் நிலையானவை அல்ல. 1943இல் ஒஹாயோவில் தொடங்கி அமெரிக்கா முழுதும் பரவிய ஜோ-ஆன் துணிக்கடைகள், ஏறத்தாழ 800 கிளைகள், 2025 மே மாத இறுதிக்குள் மூடப்பட்டன. முன்பே வாங்கி வைத்தவர்களை அப்போது யாரும் பழித்திருக்க மாட்டார்கள். மேலும், இப்பழக்கத்தின் வேர் வறுமையில் இருக்கிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்க ஆலைகள் மாவையும் கோழித் தீவனத்தையும் பூ அச்சிட்ட பருத்திப் பைகளில் விற்றன. ஒரே பூவுள்ள பைகள் போதிய அளவு சேரும்வரை பெண்கள் எடுத்து வைத்தார்கள், அண்டை வீட்டாரோடு மாற்றிக்கொண்டார்கள். அலபாமாவில் கீஸ் பெண்ட் என்னும் ஆற்றுவளைவு ஊரில், அடிமைகளாய் இருந்தோரின் வழிவந்த பெண்கள் தேய்ந்துபோன வேலையாடைகளைக் கொண்டு போர்வை தைத்தார்கள். 2002இல் அப்போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவர்களில் ஏறின. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன.

ஆக, சேர்ப்பது குற்றமன்று. வெட்டாமல் வைத்திருப்பதே குற்றம் என்பது என் கருத்து.

நம் மொழி இதனை அறிந்திருக்கிறது. துணித்தல் என்றால் வெட்டுதல். அதிலிருந்து வந்தது துணி. துண்டித்தது துண்டு. பழந்தமிழில் ஆடைக்கு அறுவை என்றும் பெயர், அறுக்கப்பட்டது அறுவை. சங்கப் புலவருள் ஒருவரின் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். தறியில் நீண்டு கிடப்பது நெசவு. அறுத்தெடுத்த பின்னரே துணி. மனம் துணிவதற்கும் இதே சொல்தான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மகிழ்வார்கள்.

அக்காவின் பெட்டிகளில் நான் கண்டது அந்தத் துணிவின்மையை. நல்ல துணிகள் எல்லாம் 'நல்ல வேளைக்கு' என்று அடியில் இருந்தன. பேரனின் தொட்டிலுக்கு என்று சீட்டு எழுதிச் செருகிய யானை அச்சுத்துணி அப்படியே கிடந்தது. அந்தப் பேரன் இப்போது இரண்டாம் படிவத்தில் படிக்கிறான். நாடாவால் கட்டி விற்கப்படும் 'ஃபேட் குவார்ட்டர்' கட்டுகள் பதினொன்று, ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை. (44 அங்குல அகலத் துணியில் கால் கெஜம் வாங்கினால் 9க்கு 44 அங்குல நீளப்பட்டை கிடைக்கும். ஃபேட் குவார்ட்டர் என்பது அதே பரப்பை 18க்கு 22 ஆக வெட்டித் தருவது. பரப்பளவு ஒன்று, சுற்றளவு வேறு. கணித ஆசிரியர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.) விலை குறைவு, அழகு மிகுதி, திட்டமோ தேவையில்லை. அதனாலேயே இக்கட்டுகளை வாங்கவே கூடாது என்பேன். கட்டவிழ்த்தால் அழகு கெடுமே என்று கை தயங்கும்.

தைப்பிங் மழை ஊர். காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் ஈரம் ஏறிய துணியை வைத்து மூடினால், ஈரமும் உள்ளேயே தங்கும். பூசணம் படர்ந்த 40 கெஜத்தை எறிய வேண்டியதாயிற்று. கஞ்சி போட்ட துணிகளை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. சன்னலோர அடுக்கில் இருந்தவை மடிப்பு ஓரத்தில் வெளுத்துக் கோடு விழுந்திருந்தன. அமெரிக்க நூல்களில் படங்களோடு வரும் அழகிய அடுக்குமுறைகள் நம் தட்பவெப்பத்துக்கு அப்படியே ஒத்துவரா. துணியை முதலில் துவைத்து, கஞ்சியைப் போக்கி, நன்கு உலர்த்த வேண்டும். வெயில் படாத, காற்றாடும் அலமாரியில் ஒரே அகல மடிப்பாக, அளவுகோலைச் சுற்றி மடித்து நிறுத்தி வைக்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் நிற்பதுபோல் நின்றால்தான் இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால் அடியில் உள்ளது இல்லாததற்குச் சமம். அக்கா ஒரே மஞ்சள் புள்ளித் துணியை மூன்று முறை வாங்கியிருந்தார்! ஆண்டுக்கு இருமுறையாவது மடிப்பை மாற்ற வேண்டும். துணியின் ஓரத்தை ஓர் அங்குலம் வெட்டி அட்டையில் ஒட்டி, நீள அகலமும் வாங்கிய ஆண்டும் எழுதி வைப்பது இன்னும் நல்லது. அந்த ஆண்டு நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கும்.

ஒன்றை மட்டும் அக்கா மிகச் சரியாகச் செய்திருந்தார். தைத்து மிஞ்சிய துண்டுகளை அன்றைக்கே இரண்டரை அங்குல, ஐந்து அங்குலச் சதுரங்களாக வெட்டிக் கண்ணாடிப் புட்டிகளில் போட்டு வைத்திருந்தார். மகள் தயக்கமின்றி எடுத்துக்கொண்டவை அந்தப் புட்டிகள் மட்டுமே. "இதுல என்னோட ஸ்கூல் பினஃபோர் துணி இருக்கு டீச்சர்," என்றார். வெட்டாத 260 கெஜத்தில் அவருக்குத் தெரிந்த துணி ஒன்றும் இல்லை.

துணியே இல்லாதவர்கள் தைத்ததும் நினைவுக்கு வருகிறது. 1942இல் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் ஜப்பானியரால் அடைக்கப்பட்ட பெண்கள், கிடைத்த துணிகளில் ஆளுக்கொரு சதுரம் தைத்து மூன்று போர்வைகள் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். பெரும்பாலான சதுரங்களில் தைத்தவரின் பெயர் உண்டு. பிரிக்கப்பட்டிருந்த ஆண்கள் பகுதிக்கு அவை சென்றால், மனைவி உயிரோடிருப்பதைக் கணவன் அறிவான் அல்லவா? இரண்டு போர்வைகள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இன்றும் உள்ளன. அப்பெண்களுக்கு நல்ல வேளை என்று தனியாக ஒன்று இருந்திருக்க முடியாது.

பிறரைச் சொல்லிவிட்டு என் அலமாரியை மூடி வைப்பது முறையன்று. அதில் 63 கெஜம் இருக்கிறது. 2011இல் வாங்கிய நீலச் சாயத் துணி மூன்று கெஜம், அதன் விலைச்சீட்டோடு இருந்தது. தைப்பிங்கிலிருந்து திரும்பிய மறுநாள் அதை மேசையில் விரித்தேன். உருளைக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தேநீர் ஆறும்வரை நின்றிருப்பேன். பிறகு வெட்டினேன். முதல் வெட்டு அரை அங்குலம் கோணலாகப் போயிற்று. அந்தக் கோணல் பட்டையையும் சதுரங்களாக்கிப் புட்டியில் போட்டுவிட்டேன்.