நோய் வராதவர்கள் யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை மருத்துவத்தின் பொற்காலம் என்பர். 1901-இல் வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர், மனித ரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்று எழுதினார். 1912-இல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற சொல்லை உலகுக்கு அளித்தார். 1922-இல் கனடாவின் டொராண்டோ நகரில், நீரிழிவால் வாடிய பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. 1929-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலின் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இவற்றையெல்லாம் பெயரும் ஆண்டுமாக மனப்பாடம் செய்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம்.

இந்த வரிசையில் இடம்பெற வேண்டிய ஒரு பெயர் நம் பேச்சில் அடிபடுவதே இல்லை. அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்பதே அப்பெயர். அவர் உழைப்பின் பயனாக நமக்கு மிஞ்சியிருப்பது ஒரே வரி: 'நியாசின் என்னும் வைட்டமின் குறைவதால் பெல்லாக்ரா நோய் உண்டாகிறது.' இந்த வரி பொய்யல்ல. ஆனால் பாதி உண்மை. விட்டுப்போன மறுபாதியைத்தான் விஞ்ஞானம் பயிலும் மாணவன் முதலில் அறிய வேண்டும் என்பது என் கருத்து.

பெல்லாக்ரா கொடிய நோய். வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து, தடித்து, கறுத்து உரியும். பிறகு வயிற்றுப்போக்கு, அதன்பின் புத்தி தடுமாற்றம், முடிவில் மரணம். ஸ்பெயின் நாட்டில் 1735-ஆம் ஆண்டிலேயே காஸ்பர் காசால் என்ற மருத்துவர் இதைக் கண்டு குறித்திருக்கிறார். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை உழவர்களைத்தான் ஐரோப்பாவில் அது பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது தலைதூக்கியது. 1907-இல் அலபாமா மாநிலத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் 88 பேருக்கு இந்நோய் கண்டதாக ஜார்ஜ் சியர்சி என்ற மருத்துவர் எழுதினார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்து போயினர். சில ஆண்டுகளில் தென் மாநிலங்கள் முழுவதும் இதே பேச்சாகிவிட்டது.

அக்காலம் கிருமிகளின் காலம். பாஸ்டரும் காக்கும் காட்டிய வழியில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி கண்டுபிடிக்கப்பட்டு வந்தது. ஆகவே பெல்லாக்ராவுக்கும் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று பலரும் நம்பினர். தென் கரோலினாவில் ஆராய்ந்த ஒரு குழுவும் இது தொற்றுநோயாகவே இருக்க வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தது. இந்த நிலையில்தான், 1914-இல், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை கோல்ட்பெர்கரை இப்பணிக்கு அனுப்பியது.

அவர் யார்? இன்று ஸ்லோவாக்கியா எனப்படும் பகுதியில், ஆடு வளர்க்கும் யூதக் குடும்பம் ஒன்றில் 1874-இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடி நியூயார்க் வந்தது. தந்தை மளிகைக் கடை வைத்தார். மகன் கட்டணம் வாங்காத நகரக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு மருத்துவம் பயின்றார். அரசுப் பணியில் சேர்ந்து, மஞ்சள் காய்ச்சலையும் டெங்குவையும் டைஃபஸையும் ஆராயப் போய், மூன்றையும் தாமே பெற்றுப் பிழைத்தவர். கிருமிகளோடு பழகிய மனிதர்தான். கிருமி வேட்டைக்காரர்களுள் ஒருவர் என்றே சொல்லலாம்.

அப்படிப்பட்டவர் தெற்கே போய் என்ன செய்தார்? மனநோய் மருத்துவமனைகளையும் அநாதை விடுதிகளையும் சுற்றிப் பார்த்தார். நோயாளிகளை எல்லாரும் பார்த்தார்கள். அவர் நோய் வராதவர்களைப் பார்த்தார். உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது. அவர்களைத் தொட்டுத் தூக்கிக் கழுவி, அதே கட்டடத்தில் இரவும் பகலும் இருக்கும் தாதியருக்கும் பணியாளருக்கும் வருவதில்லை. தொற்றுநோய்க்கு மேலோர் கீழோர் என்ற வேறுபாடு தெரியுமா? தெரியாது. அப்படியானால் வேறுபாடு எங்கே? சாப்பாட்டில்! பணியாளர்களுக்குத் தங்கள் உணவில் விரும்பியதைத் தேர்ந்துகொள்ள வழியிருந்தது. உள்ளிருந்தவர்களுக்கு மக்காச்சோளமும் வெல்லப்பாகும் போன்றவைதான் பெரும்பகுதி. 1914 ஜூன் மாதம் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். சில பக்கங்களே கொண்ட கட்டுரை. அதில் புதிய கருவி எதுவும் இல்லை. ஒரு கேள்வி மட்டும் இருந்தது.

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகர அநாதை விடுதியில் அவர் கண்டதை வகுப்பறைதோறும் சொல்ல வேண்டும். அங்கே நோய் பெரும்பாலும் ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கே வந்தது. ஏன்? மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். வேலை செய்யக்கூடிய பெரிய பிள்ளைகளுக்கு இறைச்சி கொடுத்தார்கள். நடுவில் இருந்தவர்களோ பாலுக்கு வயது கடந்தவர்கள். இறைச்சிக்கு உழைப்புப் போதாதவர்கள். எல்லாருக்கும் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் கொடுக்க ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டில் நோய் அநேகமாக மறைந்து போயிற்று.

இதையும் பலர் ஏற்கவில்லை. 1915-இல் மிசிசிப்பி ஆளுநரின் ஒப்புதலோடு, சிறைப் பண்ணை ஒன்றில் தாமே முன்வந்த கைதிகள் பதினொருவருக்கு மாதக்கணக்கில் மக்காச்சோளம், அரிசி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பாகு என்ற ஏழை உணவையே கொடுத்தார். ஆறு பேருக்குப் பெல்லாக்ரா வந்தது. அதே பண்ணையில் வழக்கமான உணவு உண்ட மற்றக் கைதிகளுக்கு வரவில்லை. முன்வந்தவர்களுக்கு விடுதலை பரிசாக அளிக்கப்பட்டது. விடுதலைக்கு ஏங்கும் கைதியின் 'சம்மதம்' உண்மையான சம்மதமா என்ற கேள்வி நியாயமானது. இன்றைய நெறிமுறைகள் அத்தகைய சோதனைக்கு இடம் தரமாட்டா. கோல்ட்பெர்கரைப் போற்றுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

ஆனால் அவர் பிறர் உடலில் மட்டும் சோதனை செய்தவரல்லர். 1916-இல் பெல்லாக்ரா நோயாளியின் ரத்தத்தைத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டார். நோயாளிகளின் தோல் செதில்களையும் மலசலத்தையும் மாவில் உருட்டி விழுங்கினார். அவருடைய உதவியாளர் வீலரும் வேறு பலரும் கூட நின்றார்கள். மனைவி மேரி தமக்கும் நோயாளியின் ரத்தத்தை ஏற்றச் சொன்னார். ஒருவருக்கும் பெல்லாக்ரா வரவில்லை. தொற்றுநோய் என்ற கொள்கைக்கு இதைவிடப் பதில் என்ன வேண்டும்?

இதே 1916-ஆம் ஆண்டில்தான் சார்லஸ் டாவன்போர்ட் என்ற புகழ்பெற்ற உயிரியல் அறிஞர், பெல்லாக்ராவில் பரம்பரைக்கும் பங்குண்டு என்று எழுதினார். குடும்பம் குடும்பமாக நோய் வருகிறதல்லவா, அதனால் ரத்தத்திலேயே குறை இருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு குடும்பத்தார் ஒரே பானையில் உண்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

கோல்ட்பெர்கர் பானைக்குள்ளேயே பார்த்தார். எட்கர் சிடென்ஸ்டிரிக்கர் என்ற பொருளியல் அறிஞரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, தென் கரோலினாவின் ஏழு பஞ்சாலைக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்றார்கள். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை யாருக்கு நோய் என்று குறித்தார்கள். குடும்ப வருமானம் எவ்வளவு, கடையில் என்ன வாங்கினார்கள், வீட்டில் பசு உண்டா, தோட்டம் உண்டா என்று கணக்கெடுத்தார்கள். 1920-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வருமானம் குறையக் குறைய நோய் கூடியது. வருமானம் மட்டுமன்று, பக்கத்து உழவர்கள் காய்கறியும் இறைச்சியும் கொண்டுவந்து விற்ற கிராமம் தப்பியது. சுற்றிலும் பருத்தியே பயிரான கிராமம் தவித்தது. மருத்துவக் கட்டுரை ஒன்றில் கூலியும் நிலமும் சந்தையும் நோய்க் காரணங்களாக எண்களோடு நின்றன. என் மதிப்பில் அந்த நூற்றாண்டின் மாபெரும் மருத்துவ வெளியீடுகளுள் இது ஒன்று.

வரவேற்பு எப்படி இருந்தது? 1921-இல் பருத்தி விலை வீழ்ந்தபோது, பெல்லாக்ரா பெருகும் என்று கோல்ட்பெர்கர் எச்சரித்தார். குடியரசுத் தலைவர் ஹார்டிங் உதவிக்கு முன்வந்தார். தென் மாநிலத் தலைவர்கள் பலருக்கோ கோபம் வந்தது. தங்கள் மண்ணில் பஞ்சமா, இது தங்களுக்கு இழிவல்லவா என்று மறுத்தார்கள். கிருமி என்று சொல்லியிருந்தால் யாருக்கும் மனக்கசப்பு இருந்திராது. கிருமிக்கு முதலாளி இல்லை. கூலி என்று சொன்னால் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார்.

கோல்ட்பெர்கர் 1929-இல் புற்றுநோயால் காலமானார். உணவில் குறைந்த பொருள் எது என்று தேடி, ஈஸ்ட் மலிவான மருந்து என்பதுவரை அவர் கண்டிருந்தார். 1927-இல் மிசிசிப்பி ஆற்று வெள்ளத்தின்போது செஞ்சிலுவைச் சங்கம் ஈஸ்ட்டை ஏழைகளுக்கு வழங்கியது. 1937-இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வேஜம், நாய்களுக்கு வரும் இதே போன்ற கருநாக்கு நோயை நிகோடினிக் அமிலம் குணப்படுத்துகிறது என்று காட்டினார். அதுவே நியாசின். இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபங்க் 1912 வாக்கிலேயே தவிட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருந்தார். அவர் தேடியது பெரிபெரிக்கு மருந்து. இது பெரிபெரியைக் குணப்படுத்தவில்லை. ஆகவே பொருள் கையில் இருந்தும் அதன் பயன் தெரியாமல் கால் நூற்றாண்டு கழிந்தது. சரியான கேள்வி இல்லாவிட்டால் சரியான பொருளும் பயன்படாது.

வேதியியல் மாணவனாக நான் ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். 'கூலி உயரும்வரை காத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? மாவில் நியாசின் சேர்க்கத் தொடங்கியதால்தானே நோய் ஒழிந்தது?' என்று கேட்கலாம். உண்மைதான். 1940-களில் மாவில் ஊட்டம் சேர்த்தது பெரும் பயன் தந்தது. அமிலத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் நியாசின் குறைவு என்பது 'எதனால்?' என்பதற்கு விடை. 'யாருக்கு, ஏன் குறைந்தது?' என்பதற்கு விடை 1920-ஆம் ஆண்டுக் கட்டுரையில்தான் இருக்கிறது. முதல் விடையை மட்டும் வைத்துக்கொண்டால் பெல்லாக்ரா போகும். அடுத்த குறைபாட்டு நோய் அதே வீட்டுக்கு வரும்.

இது எங்கோ அமெரிக்காவில் முடிந்த கதையுமன்று. தக்காணத்தில் சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழை உழைப்பாளரிடம் பெல்லாக்ரா காணப்பட்டது. சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. கோபாலன், ஐதராபாத்தில் இதை ஆராய்ந்தார். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்துக்கு இதில் பங்கிருக்கலாம் என்று 1960-இல் ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து எழுதினார். அங்கும் நோய் தேடி வந்தது வேறு உணவு வாங்க வழியில்லாத வீடுகளைத்தான்.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் யாருக்கு எந்த நோய் வந்தாலும், 'உங்களுக்குச் சுத்தம் போதாது' என்று சொல்லக் கேட்டே வளர்ந்திருக்கிறேன். சொன்னவர்கள் கெட்டவர்களல்லர், சில வேளை அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் 'நேற்று உங்கள் வீட்டில் என்ன சமைத்தீர்கள்?' என்று கேட்டவர் ஒருவருமில்லை. மாதக் கடைசியில் சோறும் ஊறுகாயும் என்பதை வெளியில் சொல்ல வெட்கப்படுவோம். தென் கரோலினாவில் அந்தக் கேள்வியைத்தான் ஓர் ஆய்வாளர் வீடுவீடாகக் கேட்டு, விடையைப் புள்ளிவிவரமாக அச்சிட்டிருக்கிறார் என்று படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. வறுமை வெட்கத்துக்குரிய செய்தியல்ல. அளந்து, எழுதி, உலகின்முன் வைக்க வேண்டிய விஞ்ஞான உண்மை. அதை எழுதத் தகுதியுடையவர்கள் அதை அறிந்தவர்களே. நம் கல்லூரியில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை.

ஆகவே நம் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் அறிவியல் மன்றத்தில் மாதம் ஒருமுறை, ஒரு மூலக் கட்டுரையை எடுத்துக்கொண்டு, ஓர் ஆசிரியர் துணையோடு படிப்போம். கோல்ட்பெர்கரின் 1914-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்தே தொடங்கலாம். சிறிய கட்டுரை, எளிய ஆங்கிலம். இன்று இத்தகைய பழைய கட்டுரைகள் பலவற்றைக் கைப்பேசியிலேயே செலவின்றிப் படிக்க முடிகிறது. தேர்வுத் தாளிலும் 'பெல்லாக்ரா எதனால் வருகிறது?' என்பதோடு நிறுத்தாமல், 'அது தொற்றுநோயல்ல என்பதை எவ்வாறு நிறுவினர்?' என்றும் கேட்கட்டும். மனப்பாடம் அங்கே உதவாது; சிந்திக்கத்தான் வேண்டும்.

நாளை நம்மில் சிலர் ஆய்வுக்கூடங்களுக்குப் போகலாம், சிலர் ஆசிரியர்களாகலாம், சிலர் சுகாதாரத் துறையில் ஊர் ஊராகச் சுற்றலாம். எங்கே போனாலும், ஒரு நோயைக் கண்டால் நோயாளியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். பக்கத்தில் நோய் வராமல் இருப்பவர் யார், அவர் வீட்டில் இருந்தது என்ன, இவர் வீட்டில் இல்லாதது என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவோம்.