பரேல் என்ற தீவும் நம் ஓடைகளும்

பரேலைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் அது ஆலைகளின் கதையாகவே முடிந்துவிடுகிறது. 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம், தத்தா சாமந்த், தெருவில் நின்ற ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள், பிறகு ஆலை மனைகளில் எழுந்த வணிக வளாகங்கள். பனியன் தொழிலை நம்பி வாழும் திருப்பூர்க்காரர்களுக்கு அக்கதையில் ஈடுபாடு உண்டாவது இயல்பே. ஆனால் அந்த ஆலைகள் எந்த மண்ணில் நின்றன என்று நாம் கேட்பதில்லை. பரேல் ஒரு காலத்தில் தீவாக இருந்தது.

1661ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கை வழியே போர்ச்சுகீசியரிடமிருந்து ஆங்கில அரசருக்கு வந்த பம்பாய், ஏழு தீவுகளின் கூட்டம். அவற்றுள் ஒன்றான பரேலில் இன்று தமிழர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் மாதுங்காவும் தாராவியும் அடக்கம். 1931இல் சாலை போடத் தோண்டியபோது கிடைத்த பரேல் சிவன் சிற்பம் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டினது. அத்தீவில் மனிதர் வாழ்ந்த காலத்தின் நீளத்துக்கு அதுவே சாட்சி. தீவுகளுக்கு இடையே கிடந்தது சதுப்பு. மகாலட்சுமிக்கும் வொர்லிக்கும் நடுவிலிருந்த திறப்பின் வழியே ஓதத்தின்போது கடல் உள்ளே புகும். வற்றும்போது சேறு மிஞ்சும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தத் திறப்பை ஒரு கரை போட்டு அடைத்தார்கள். ஆளுநர் ஹார்ன்பியின் பெயரால் ஹார்ன்பி வெல்லார்ட் என்று அது வழங்கிற்று. அதன்பின் சதுப்பு சிறுகச் சிறுக வடிக்கப்பட்டது, தூர்க்கப்பட்டது. தீவு, வரைபடத்திலிருந்து மறைந்தது.

நமக்கு முக்கியமாகப்படுவது இதற்கு அடுத்த கட்டம். பரேலில்தான் ஆளுநர் மாளிகை இருந்தது. 1882இல் ஆளுநர் பெர்குசனின் மனைவி காலராவில் இறந்த பிறகு ஆளுநர்கள் மலபார் குன்றின் உயரத்தையே நாடினார்கள். கைவிடப்பட்ட மாளிகைக்கு 1899இல் ஹாஃப்கினின் பிளேக் ஆய்வுக்கூடம் வந்து சேர்ந்தது. மேட்டுக்குப் போக வசதியிருந்தவர்கள் போனார்கள். வடிக்கப்பட்ட பள்ளம் ஆலைகளுக்கும், ஒற்றை அறையில் ஒரு குடும்பமே முடங்கிய சால்களுக்கும் விடப்பட்டது. இதைத் தற்செயல் என்று நாம் நம்பவில்லை.

தண்ணீர் பழைய வழியை மறக்கவுமில்லை. ஓதமும் மழையும் ஒன்றுகூடினால் கடலுக்கு வடிய இயலாமல் இந்துமாதா சந்திப்பில் வெள்ளம் நிற்பது மும்பைக்காரர்களுக்கு ஆண்டுதோறும் பழகிய காட்சி. 2017 ஆகஸ்ட் 29 பெருமழையில் பரேல் மருத்துவமனைக்குள்ளேயே நீர் புகுந்தது. அருகே திறந்துகிடந்த சாக்கடைக் குழியில் விழுந்து ஒரு மருத்துவர் மாண்டார்.

கடலோ சதுப்போ இல்லாத வறண்ட மேட்டு நிலத்துக்காரர்களுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 2011ஐ நினைவூட்ட விரும்புகிறோம். அவ்வாண்டு ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை ஊரே இன்றும் பேசுகிறது. அதே ஆண்டு நவம்பரில் ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளமும் பெருகி, கரையோரத்து வீடுகளை உயிர்களோடு கொண்டுபோனதை எத்தனை பேர் பேசுகிறோம்? அங்கே குடியிருந்தவர்கள் பனியன் கம்பெனி முதலாளிகள் அல்லர். வாடகை குறைவு என்பதால் ஓடைக்கரைக்கு வந்தவர்கள்.

நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டதில் நமக்கும் பெருமையே. பறவைகளுக்குக் கிடைத்த எல்லைக் கல், குளத்துக்கு நீர் தரும் நல்லாற்றுக்கும் ஊருக்குள் ஓடும் ஓடைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. பழைய புல வரைபடங்களில் ஓடை, பள்ளம், குட்டை என்று குறிக்கப்பட்டவற்றை மாநகராட்சி வார்டு வாரியாகப் பொதுவில் வைக்கட்டும். அடுத்த லைன் வீட்டுக்கு அனுமதி தருமுன் அந்த வரைபடம் மேசைமேல் விரிக்கப்படட்டும்.