டயர் உருளும் முன்பே தொடங்கும் மாசு

டயரால் சூழலுக்கு என்ன கேடு என்று கேட்டால் எமக்கு உடனே இரண்டு விடயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, எரியும் டயரிலிருந்து எழும் கரும்புகை. மற்றது, வளவில் வீசிய டயருக்குள் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகுவது. இரண்டும் உண்மையே. ஆனால் இவை டயரின் ஆயுள் முடிந்த பின்னர் வரும் கேடுகள். அது உருவாகும்போது சூழலுக்கு என்ன நடக்கிறது என்பதை நாம் பேசுவதே இல்லை. அதைப் பேச வேண்டும் என்பதே எனது கருத்து.

இந்த விடயம் எமக்குத் தூரமானதன்று. 1876ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. இன்று களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஏராளமான குடும்பங்கள் இறப்பரை நம்பி வாழ்கின்றன. பாரம் தூக்கும் வாகனங்களுக்கான திண்ம டயர்களை ஏற்றுமதி செய்வதில் இலங்கை உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக விளங்குகிறது. இது பெருமைப்பட வேண்டிய விடயந்தான். ஆனால் டயர் வெளிநாட்டுக்குப் போகிறது. அதைச் செய்த கழிவு இங்கேயே தங்கிவிடுகிறது.

இறப்பர்ப்பால் உறையாதிருக்க அமோனியா சேர்க்கிறார்கள். பின்னர் அதை உறைய வைக்கப் போமிக் அமிலம் சேர்க்கிறார்கள். இவற்றைக் கழுவிய நீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால், அதிலுள்ள சேதனப் பொருட்கள் அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்துவிடும். துர்நாற்றம் எழும், மீன்கள் இறக்கும்.

டயர் வெறும் இறப்பரும் அன்று. பெற்றோலியத்திலிருந்து பெறும் செயற்கை இறப்பர், கந்தகம், நாகவொட்சைட்டு, உருக்குக் கம்பி எனப் பலவும் அதில் உண்டு. அதற்குக் கறுப்பு நிறத்தையும் வலிமையையும் தரும் காபன் பிளாக், எண்ணெயைக் குறைவாக எரித்துப் பெறப்படும் நுண்ணிய கரித்தூள். அதைத் தயாரிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. கந்தகத்துடன் சேர்த்து டயரை உயர் வெப்பத்தில் பதப்படுத்தும்போது எழும் ஆவியை முதலில் சுவாசிப்பவர் அங்கு வேலை செய்யும் தொழிலாளரே.

தொழிற்சாலையில் கலப்பது வீதியிலும் தொடர்கிறது. டயரின் இறப்பரில் வெடிப்புகள் விழாதிருக்க 6பிபிடி என்ற இரசாயனத்தைச் சேர்ப்பார்கள். அது ஓசோனுடன் தாக்கமுற்று உருவாகும் நச்சுப்பொருள், தேயும் டயர்த் துகள்களிலிருந்து மழைநீரில் கரைந்து ஓடைகளைச் சேர்வதே அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சமன் மீன்கள் இறக்கக் காரணம் என 2020இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

அப்படியானால் தொழிற்சாலைகளை மூடிவிடுவதா? இல்லை. பால் வெட்டும் தாயின் வருமானத்தையும் டயர் தொழிற்சாலைக்குச் செல்லும் தந்தையின் சம்பளத்தையும் பறித்துவிட்டுச் சூழலைக் காப்பது நீதியாகாது. அவர்களது கிணற்று நீரைக் கெடுத்துவிட்டுச் சம்பளம் கொடுப்பதும் நீதியாகாது.

எம்மிடம் சட்டம் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், இத்தகைய தொழிற்சாலைகள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற்றே இயங்க வேண்டும். ஆனால் அனுமதிப்பத்திரம் அலுவலகக் கோப்புக்குள் இருந்தால் அயலவருக்கு என்ன தெரியும்? வெளியேற்றும் நீரின் பரிசோதனை முடிவுகளை, தமிழிலும் சிங்களத்திலும், தொழிற்சாலை வாசலிலும் கிராம அலுவலர் காரியாலயத்திலும் காட்சிப்படுத்த வேண்டும். விஞ்ஞானம் படிக்கும் எம்மைப் போன்ற மாணவிகளால் அவற்றை வாசித்துப் பெற்றோருக்கு விளக்க முடியும்.

வாகனம் வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு பங்குண்டு. காற்று குறைந்த டயர் விரைவில் தேயும். ஆகவே மாதம் ஒருமுறையேனும் காற்றழுத்தத்தைப் பாருங்கள். பஸ், லொறி உரிமையாளர்கள், தேய்ந்த நல்ல டயருக்குத் தரமான முறையில் புதிய இறப்பர் ஒட்டி மீண்டும் பாவிக்கலாம். ஒரு டயர் கூடுதல் காலம் உழைத்தால் இன்னொரு டயரைச் செய்யும் தேவை தள்ளிப்போகும்.

வுழூச் செய்யும்போதும் நீரை வீண்விரயம் செய்யக் கூடாது என்று கற்பிக்கும் மார்க்கம் எமது மார்க்கம். வீணாக்கவே கூடாத நீரை நஞ்சாக்குவதைப் பார்த்து மௌனமாக இருக்கலாமா? பூமி அல்லாஹ் எம்மிடம் ஒப்படைத்த அமானிதம். எமது ஊரின் ஓடையில் கலப்பது என்ன என்று கேட்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதன் ஒரு பகுதியே என நான் நம்புகிறேன்.