மாட்டுக் கொட்டிலில் மோட்டார் சைக்கிள்



1958, 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டுத் தோட்டங்களை விட்டுப் போன நம் சனம் இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வாழ்கிறது. கொழுந்து எடுத்த கைகள் அங்கே பால் கறக்கின்றன. கூலிவேலை கிடைக்காத நாளில் அடுப்பு எரிவது அந்தப் பால் காசில்தான். 2009இல் மாடுகளைப் பட்டியோடு விட்டுவிட்டு ஓடி, முகாமிலிருந்து திரும்பி, ஒற்றைக் கன்றில் மறுபடி தொடங்கியவர்கள் அவர்களில் பலர்.

சென்ற பாடசாலை விடுமுறையில் சங்கத்திலிருந்து நாங்கள் சிலர் அவர்களைப் பார்க்கப் போயிருந்தோம். ஓர் அக்காவிடம் மூன்று பசுக்கள். கொட்டில் மானியத்துக்கு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் பெயர் வரவில்லை. அதே ஒழுங்கையில் மாடே இல்லாத ஒரு வீட்டில் மானியக் கொட்டில் நிற்கிறது. உள்ளே மோட்டார் சைக்கிள்.

அக்காவோடு அலுவலகத்துக்குப் போனோம். பயனாளிகள் பட்டியலைப் பார்க்கலாமா என்று கேட்டோம். "அது அலுவலகக் கோவை, வெளியாட்களுக்குக் காட்டுவதில்லை" என்றார்கள். வெளியே வந்ததும் அக்கா, "விடுங்க டீச்சர், பகைச்சா அடுத்த தடவையும் பேரை வெட்டிடுவாங்க" என்றார்.

இந்தப் பயத்தில்தான் பட்டியல் பூட்டிக் கிடக்கிறது. அது யார் வீட்டுக் காசு? 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி கட்டுகிறோம். சவர்க்காரம் வாங்கும் தோட்டத் தொழிலாளியின் காசும் அந்தக் கொட்டிலில் இருக்கிறது.

மானியம் வாங்குவது தனிப்பட்ட விஷயம், பெயரை வெளியிடக்கூடாது என்று சில படித்தவர்கள் சொல்கிறார்கள். ஐரோப்பாவிலும் இந்த வழக்கு நடந்தது. தனி விவசாயிகள் எல்லோருடைய பெயரையும் அப்படியே போடுவது அளவுக்கு மிஞ்சியது என்று 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அதோடு பட்டியல் ஒழிந்துவிடவில்லை. விதியைத் திருத்தி, மிகச் சிறிய தொகை பெறுவோரின் பெயரை மட்டும் மறைத்து, மற்றவர்களின் பெயரையும் தொகையையும் மறுபடி வெளியிட்டார்கள். நாங்கள் யாருடைய வங்கி இலக்கத்தையும் கேட்கவில்லை. பெயர், கிராமம், தொகை, எந்த விதிப்படி தெரிவு செய்தார்கள் என்பது போதும்.

மறைத்தால் என்ன ஆகும் என்று நாடே பார்த்தது. 20,000 கறவை மாடுகள் இறக்க ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றோடு 2014இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2017இல் முதல் 5,000 வந்தன. நோயும் சாவுமாகி, கடன் பண்ணையாளர் தலையில் விழுந்த பிறகுதான் விவகாரம் வெளியே வந்தது.

வன்னியில் மானியம் என்று போனால் முதலில் காணிப் பத்திரம் கேட்கிறார்கள். நாற்பது வருடம் குடியிருந்தும் பத்திரம் இல்லாதவர்களில் நம் சனம்தான் அதிகம் என்று போன இடமெல்லாம் சொன்னார்கள். இங்கே லயத்துக்குப் பின்னால் மாடு கட்டினால் துரை கேள்வி கேட்பதும் இதே கதைதான். காணி இல்லாதவனுக்கு மாடும் இல்லை என்றொரு விதி இருந்தால், அதையும் எழுத்தில் காட்டட்டும்.

சங்கத் தலைவரின் சிபாரிசுக் கடிதத்தில் மானியம் வாங்கியவர்கள் நமக்குள்ளும் உண்டு. அந்தப் பெயர்களும் பட்டியலில் வரட்டும். சங்கடமாக இருந்தால் இருக்கட்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்க முடியாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு.

அக்காவின் பெயர் விண்ணப்பத்தில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கேட்பது நாங்கள், பகைத்தால் எங்களோடு பகைக்கட்டும். வன்னியில் சொந்தம் உள்ளவர்கள் அவர்களுடைய கிராமத்தின் பெயரையும், எந்த மானியம், எந்த ஆண்டு என்பதையும் இந்த மாதச் சந்தாவோடு தோட்டத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். கிராமத்துக்கு ஒரு விண்ணப்பம் போகும்.